ஒரு லிட்டர் பெட்ரோல் வந்த வழி

(காணிப்பாக்கத்தில் எழுத்தறிவு வகுப்பு நண்பர்கள் கூட்டத்தில் பேசியது)

 

போன வாரம் வகுப்பு முடிந்து போகும்போது ஒரு அம்மா என்னைக் கேட்டார். "ஐயா, பால் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானே கறக்கிறேன். அரிசி எங்கே இருந்து வருகிறது என்று தெரியும். நானே நாற்று நடுகிறேன். என் மகன் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறானே, அது எங்கே இருந்து வருகிறது? அந்தப் பங்கிலேயே கிணறு தோண்டி எடுக்கிறார்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. பங்கில் தரைக்குக் கீழே இருந்துதான் பெட்ரோல் மேலே வருகிறது. பார்க்கிறவர்களுக்குக் கிணறு என்றுதான் தோன்றும். உண்மையில் அங்கே கிணறு இல்லை. மண்ணுக்குள் இரும்புத் தொட்டி புதைத்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குப் பெட்ரோல் மிக நீண்ட தூரம் பயணம் செய்து வருகிறது.

நம் ஊர் காணிப்பாக்கம். நம் பிள்ளையார் கிணற்றில் தோன்றியவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். எங்கெங்கோ தீராத வழக்கை இங்கே வந்து, குளத்தில் முழுகி, சத்தியம் செய்து தீர்த்துக்கொள்கிறார்கள்.

பெட்ரோல் பல கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு சத்தியம் வேண்டும். 'நான் வாங்கியதை அப்படியே கொடுத்தேன். குறைக்கவில்லை. கலக்கவில்லை' என்ற சத்தியம். அதை வாயால் சொன்னால் போதாது. அளந்து காட்ட வேண்டும். எழுதிக் காட்ட வேண்டும். கடைசிக் கை நம்முடைய கை. ஆகவே அந்த அளவைப் படிக்க நமக்கும் தெரிய வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கப்பலில் வரும் கறுப்பு எண்ணெய்

பெட்ரோல் பூமியில் பெட்ரோலாகக் கிடைப்பதில்லை. பூமிக்கு அடியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு எண்ணெய் கிடைக்கிறது. அதைக் கச்சா எண்ணெய் என்கிறோம். நம் நாட்டில் அஸ்ஸாம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் கிடைக்கிறது. மும்பைக்கு மேற்கே கடலுக்கு அடியிலும் கிடைக்கிறது. நம் ஆந்திராவில் கோதாவரிப் பக்கமும் கொஞ்சம் கிடைக்கிறது.

ஆனால் நம் தேவை மிகப் பெரியது. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளில் இருந்து வாங்குகிறோம். ஈராக், சவூதி அரேபியா, ரஷ்யா போன்ற நாடுகளில் இருந்து பெரிய கப்பல்களில் வருகிறது. அதனால்தான் எங்கோ ஒரு நாட்டில் சண்டை வந்தால் இங்கே நம் பையில் இருக்கும் பணம் கரைகிறது.

இந்த எண்ணெயைச் சுத்தம் செய்து பிரிக்கும் ஆலைக்குச் சுத்திகரிப்பு ஆலை என்று பெயர். இந்தியாவின் முதல் ஆலை அஸ்ஸாமில் டிக்பாய் என்ற ஊரில் 1901-இல் தொடங்கியது. விசாகப்பட்டினத்தில் 1957-இல் ஒரு ஆலை வந்தது. இப்போது அது இந்துஸ்தான் பெட்ரோலியம் கம்பெனியின் ஆலை.

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆலை சென்னை மணலியில் இருக்கிறது. 1965-இல் அந்தக் கம்பெனி தொடங்கியது. 1969-இல் ஆலை ஓடத் தொடங்கியது. அப்போது அதற்கு மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று பெயர். இப்போது சென்னை பெட்ரோலியம் என்று பெயர். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும். அங்கிருந்து குழாய் வழியாக மணலிக்குக் கச்சா எண்ணெய் போகும்.

ஒரு பானையில் இருந்து பல பொருள்

சோற்றுப் பானையை மூடி வைத்து அடுப்பில் கொதிக்க விடுகிறோம். ஆவி மேலே போகிறது. மூடியில் பட்டுத் துளித் துளியாக நீராகிறது. ஆலையிலும் இதேதான் நடக்கிறது. பானைதான் பெரியது.

கச்சா எண்ணெயை உலையில் 350 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். பிறகு உயரமான இரும்புக் கோபுரத்துக்குள் விடுகிறார்கள். எண்ணெயின் பெரும்பகுதி ஆவியாகி மேலே ஏறுகிறது. கோபுரத்தின் அடியில் சூடு அதிகம். மேலே போகப் போகச் சூடு குறைவு. லேசான பொருள் உச்சி வரை போகும். கனமான பொருள் கீழேயே தங்கிவிடும்.

உச்சியில் சமையல் வாயு. அதற்குக் கீழே பெட்ரோலுக்கு உரிய பொருள். அதற்குக் கீழே மண்ணெண்ணெய். அடுத்து டீசல். எல்லாவற்றுக்கும் அடியில் ரோடு போடுகிற தார். நம் வீட்டுச் சிலிண்டரும், மகன் ஓட்டும் வண்டியின் பெட்ரோலும், டிராக்டரின் டீசலும், ஊர் ரோட்டின் தாரும் ஒரே பானையில் இருந்து வந்த பொருள்கள்.

கோபுரத்தில் இருந்து வந்ததை அப்படியே விற்க முடியாது. அதில் கந்தகம் இருக்கும். கந்தகம் எரிந்தால் புகையில் நஞ்சு சேரும். ஆகவே கந்தகத்தை எடுக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரு சட்டம் இருக்கிறது. பத்து லட்சம் பங்கு பெட்ரோலில் கந்தகம் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பரிசோதனைச் சாலையில் சோதித்துப் பார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்ரோல் ஆலையை விட்டு வெளியே வரும். இது முதல் சத்தியம்.

குழாயில் ஒரு பயணம்

ஆலையில் இருந்து பெட்ரோல் மூன்று வழிகளில் போகும். ஒன்று குழாய். இரண்டு ரயில். மூன்று லாரி.

பூமிக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்திருக்கிறார்கள். சென்னையில் இருந்து திருச்சி, மதுரை வரை ஒரு குழாய் போகிறது. அதன் நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். 2005-இல் அது ஓடத் தொடங்கியது. சென்னையில் இருந்து பெங்களூருக்கும் ஒரு குழாய் போகிறது. விசாகப்பட்டினத்தில் இருந்து விஜயவாடா வழியாகச் செகந்திராபாத்துக்கு ஒரு குழாய் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்ரோலுக்கு ஒரு குழாய், டீசலுக்கு ஒரு குழாய் என்று இல்லை. ஒரே குழாயில் முதலில் டீசலை விடுகிறார்கள். அதன் பின்னாலேயே பெட்ரோலை விடுகிறார்கள். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் அதிகம் இல்லை. ஏறக்குறைய மனிதன் நடக்கிற வேகம்தான். இரவு பகல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் கலந்துவிடுமே? ஆமாம், கலக்கும். அந்தக் கலவையைத் தனியாக ஒரு தொட்டியில் பிடித்துக்கொள்வார்கள். எந்த நிமிடம் டீசல் முடிந்தது, எந்த நிமிடம் பெட்ரோல் தொடங்கியது என்று அடர்த்தியை அளந்து கண்டுபிடிப்பார்கள். அடர்த்தி என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

ரயில் வழியும் உண்டு. உருண்டையான டேங்க் வண்டிகள் வரிசையாகப் போவதை காட்பாடியிலோ ரேணிகுண்டாவிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ரயிலில் சுமார் 50 டேங்க் வண்டிகள் இருக்கும். ஒரே ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகளின் சுமையைக் கொண்டுபோகும்.

டிப்போவும் கரும்பும்

குழாயிலும் ரயிலிலும் வந்த பெட்ரோல் டிப்போவில் இறங்கும். டிப்போ என்றால் இருப்பு வைக்கும் இடம். அங்கே வீடு போலப் பெரிய தொட்டிகள் இருக்கும். பல தொட்டிகளின் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும். எண்ணெய் ஏறினால் கூரை ஏறும். எண்ணெய் இறங்கினால் கூரை இறங்கும். இடையில் காலி இடம் இருந்தால் ஆவி சேரும். ஆவி சேர்ந்தால் ஆபத்து. அதற்காக இந்த ஏற்பாடு.

எந்தப் பங்குக்கு எந்த டிப்போவில் இருந்து வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தூரத்தையும் இருப்பையும் பார்த்து முடிவு செய்வார்கள்.

டிப்போவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது எரிசாராயம். கரும்பில் இருந்து எடுக்கிறார்கள். மக்காச்சோளத்தில் இருந்தும், உடைந்த அரிசியில் இருந்தும் எடுக்கிறார்கள். கரும்பு நம் சித்தூர்ப் பக்கத்துப் பயிர். வெல்லம் காய்ச்சும் நமக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு என்று தொடங்கினார்கள். 2022-இல் 10 பங்கு ஆயிற்று. 2025-இல் 20 பங்கு ஆயிற்று. இ-20 பெட்ரோல் என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி இதனால் நம் நாட்டிலேயே நிற்கிறது.

எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரை இழுக்கும். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் வண்டிக்குள் போனால் வண்டி நின்றுவிடும். ஆகவே மழைக்காலத்தில் பங்குக்காரரும் கவனமாக இருக்க வேண்டும். நாமும் நம் வண்டியின் டேங்க் மூடியை நன்றாக மூடி வைக்க வேண்டும்.

லாரியில் எழுதியிருக்கும் எண்

டிப்போவில் இருந்து பங்குக்கு டேங்கர் லாரி போகும். ஒரு லாரி 12,000 லிட்டர் கொள்ளும். 20,000 லிட்டர் கொள்ளும் லாரியும் உண்டு. உள்ளே ஒரே தொட்டி இல்லை. தனித்தனி அறைகள் இருக்கும். ஒரு அறையில் பெட்ரோல், இன்னொரு அறையில் டீசல் கொண்டுபோகலாம். வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரே பக்கம் அலைமோதி வண்டியைக் கவிழ்க்காமல் இருக்கவும் அறைகள் உதவும். பலமநேர் போகும் மொகிலி மலைப்பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு கொள்ளும் என்று எடை அளவுத் துறை அளந்து முத்திரை போடுகிறது. அளவுக்கோலை உள்ளே விட்டுப் பார்த்தால் எத்தனை லிட்டர் என்று தெரியும்.

லாரியில் நிரப்பும்போது எஞ்சின் ஓடக் கூடாது. தீப்பெட்டி கூடாது. லாரியை ஒரு கம்பியால் பூமியோடு இணைக்கிறார்கள். ஏன்? பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சில நேரம் படபட என்று சத்தம் கேட்கும். சின்னப் பொறி கூட வரும். குழாயில் பெட்ரோல் வேகமாக ஓடும்போதும் அப்படி மின்சாரம் சேரும். அதைக் கம்பி வழியாகப் பூமிக்கு இறக்கிவிடுகிறார்கள்.

நிரப்பி முடிந்ததும் மேல் மூடிக்கும் கீழ்க் குழாய்க்கும் சீல் வைக்கிறார்கள். சீலுக்கு எண் உண்டு. அந்த எண்ணை ஓட்டுநர் கொண்டுபோகும் சீட்டில் எழுதுகிறார்கள். எத்தனை லிட்டர், அடர்த்தி எவ்வளவு என்றும் எழுதுகிறார்கள். இது இரண்டாவது சத்தியம். இப்போது பல லாரிகளில், வண்டி எங்கே நிற்கிறது என்று கம்பெனி பார்த்துக்கொண்டே இருக்கும் கருவியும் இருக்கிறது.

அந்த லாரியை ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் 12,000 லிட்டர் நெருப்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். லைசென்சில் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

இனி ரோட்டில் டேங்கர் லாரியைப் பார்த்தால் அதன் பக்கவாட்டிலும் பின்னாலும் பாருங்கள். ஒரு கட்டத்தில் நான்கு இலக்க எண் எழுதியிருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1075 என்றால் சமையல் வாயு. இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான். மொழி தெரியாதவருக்கும் எண் தெரியும்.

இந்த எண்ணைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பீர்கள். உயிர் பிழைக்கலாம். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானில் அகமதுபூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் லாரி கவிழ்ந்தது. எண்ணெய் ரோட்டில் ஓடியது. பக்கத்துக் கிராமத்து மக்கள் குடத்தையும் கேனையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எண்ணெயை அள்ளினார்கள். திடீரென்று தீப்பிடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போன்ற ஏழை எளிய மக்கள்தான். சும்மா கிடைக்கிறதே என்று வந்தவர்கள்.

பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். தூரத்தில் யாரோ பற்றவைக்கும் பீடி போதும். ஆகவே லாரி கவிழ்ந்தால் குடம் எடுக்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தூரமாகப் போங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். லாரியில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்.

பால் சொசைட்டியும் பெட்ரோல் பங்கும்

லாரி பங்குக்கு வந்துவிட்டது. இப்போது பங்குக்காரர் என்ன செய்ய வேண்டும்?

பால் சொசைட்டியில் என்ன செய்கிறார்கள்? பாலை வாங்கியதும் லாக்டோமீட்டர் போட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கீழே இறங்கிவிடும். பாலின் அடர்த்தி குறைந்தது என்று அர்த்தம். பெட்ரோலுக்கும் அதே போல ஒரு கருவி உண்டு. அதற்கு ஹைட்ரோமீட்டர் என்று பெயர்.

ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் எடை இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிராம் வரை இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் இதை விடக் கனம். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் கனம் கூடும். கருவி காட்டிக் கொடுத்துவிடும். இதுதான் அடர்த்தி.

டிப்போ எழுதி அனுப்பிய அடர்த்திக்கும் பங்கில் அளந்த அடர்த்திக்கும் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பங்குக்காரர் லாரியை இறக்கக் கூடாது. கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதையும் பார்க்க வேண்டும். 12,000 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் 100 லிட்டருக்கு மேல் கூடிவிடும். குளிர்ந்தால் குறைந்துவிடும். ஆகவே எந்தச் சூட்டில் அளந்தாலும் 15 டிகிரிக்குக் கணக்குப் போட்டு எழுதுகிறார்கள்.

பங்குக்காரர் சீல் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். அளவுக்கோல் விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பசையைக் கோலில் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் பசையின் நிறம் மாறும். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகுதான் தொட்டிக்குள் இறக்க வேண்டும். இது மூன்றாவது சத்தியம்.

சத்தியத்துக்காக உயிர் கொடுத்தவர்

எல்லாரும் இப்படிச் செய்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பணத்தாசை சிலரை விடுவதில்லை.

நம் பக்கத்து மாவட்டம் கோலார். அந்தப் பகுதியில் வளர்ந்த ஒரு பிள்ளை மஞ்சுநாத் சண்முகம். நன்றாகப் படித்தார். இந்தியன் ஆயில் கம்பெனியில் அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி என்ற மாவட்டத்தில் வேலை. அங்கே ஒரு பங்கில் கலப்படம் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பங்குக்குச் சீல் வைத்தார்.

பிறகு அந்தப் பங்கு மறுபடி திறந்தது. அங்கே மறுபடி சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 27.

வழக்கு பல ஆண்டு நடந்தது. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவர் கையில் துப்பாக்கி இல்லை. ஆள் பலம் இல்லை. சோதிக்கும் கருவியும் எழுதும் பேனாவும்தான் இருந்தன. அவருக்குப் பயந்துதான் கொன்றார்கள். அளக்கிறவனையும் எழுதுகிறவனையும் கண்டால் திருடனுக்குப் பயம். ஒருவர் தனியாகச் சோதிக்கப் போனால் அவருக்கு ஆபத்து. வாங்குகிற எல்லாரும் சோதித்தால் யாரை என்ன செய்ய முடியும்?

இப்போது நம் முறை

ஆகவே நான்காவது சத்தியத்துக்கு வருகிறேன். இது நாம் பார்க்க வேண்டியது.

முதலில், நாசில் உங்கள் வண்டியில் வைப்பதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். சைபர் இருக்க வேண்டும். முன்னால் வந்தவர் போட்ட 50 ரூபாய் அப்படியே நின்றால், அவர் போட்டதற்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுவீர்கள். "சைபர் பாருங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நீங்கள் பாருங்கள்.

அடுத்து, மீட்டரில் மூன்று எண்கள் இருக்கும். ஒன்று, எத்தனை ரூபாய். இரண்டு, எத்தனை லிட்டர். மூன்று, ஒரு லிட்டர் விலை. லிட்டரை விலையால் பெருக்கினால் ரூபாய் வர வேண்டும். கணக்குக்காக ஒரு லிட்டர் 110 ரூபாய் என்று வையுங்கள். 220 ரூபாய் கொடுத்தால் மீட்டரில் 2.00 லிட்டர் வர வேண்டும். 55 ரூபாய் கொடுத்தால் 0.50, அதாவது அரை லிட்டர். வகுப்பில் நாம் போட்ட பெருக்கல் கணக்கு இதற்குத்தான்.

விலை 2017 ஜூன் 16 முதல் தினம் தினம் மாறலாம். காலை 6 மணிக்கு மாறும். விலையில் ஒரு பெரிய பகுதி வரி. மத்திய அரசு ஒரு வரி போடுகிறது. மாநில அரசு ஒரு வரி போடுகிறது. மாநில வரி ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு. சித்தூரில் ஒரு விலை, எல்லை தாண்டி வேலூரில் ஒரு விலை, முல்பாகலில் ஒரு விலை என்று இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அளவில் சந்தேகம் வந்தால், "5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எடை அளவுத் துறை முத்திரை போட்ட பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரை கூடக் குறைய இருந்தால் அது தவறு இல்லை. அதற்கு மேல் குறைந்தால் தவறு. அளந்த பெட்ரோல் வீணாகாது. தொட்டியிலேயே திருப்பி ஊற்றிவிடுவார்கள்.

கலப்படம் என்று சந்தேகம் வந்தால், "வடிதாள் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதையும் பங்கில் வைத்திருக்க வேண்டும். நாசில் வாயைத் துடைத்துவிட்டு, தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிப் போய்விடும். கறுப்பாகக் கறை தங்கினால் சந்தேகப்பட வேண்டும். அன்றைய அடர்த்தி எவ்வளவு என்றும் மீட்டர் எந்திரத்தில் எழுதியிருக்கும். அதையும் இனி நீங்கள் படிக்கலாம்.

இதெல்லாம் முடிந்ததும் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத புகார் காற்றில் போன பேச்சு. புகார்ப் புத்தகம் பங்கில் இருக்க வேண்டும். அதில் நீங்களே உங்கள் கையால் எழுதலாம். நீங்கள் எந்த மொழியில் எழுதக் கற்றீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. அதற்குப் போன் செய்யப் பணம் இல்லை.

கேட்கும்போது சண்டைக்குப் போகிறவர் மாதிரி கேட்க வேண்டாம். அங்கே நின்று பெட்ரோல் போடுகிற பிள்ளையும் நம்மைப் போல் கூலிக்கு நிற்கிறவர்தான். நாள் முழுக்க வெயிலிலும் ஆவியிலும் நிற்கிறார். "தம்பி, கொஞ்சம் அளந்து காட்டுப்பா" என்று கேளுங்கள். நேர்மையான பங்குக்காரர் கோபப்பட மாட்டார். அவருடைய பெயருக்கும் அது நல்லது.

பாட்டிலில் இருக்கும் ஆபத்து

ஒன்று சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. ஊருக்கு ஊர் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தொங்குகிறது. அவசரத்துக்கு உதவுகிறது, உண்மைதான். ஆனால் யோசியுங்கள். ஆலையில் சோதித்து, தொட்டியில் பூட்டி, லாரியில் சீல் வைத்து, கம்பியால் பூமியில் கட்டி, இவ்வளவு பயந்து பயந்து கொண்டுவந்த பொருள் அது. கடைசியில் அதைப் பாட்டிலில் ஊற்றி, பக்கத்தில் பீடிக்கு நெருப்பு வைத்துக்கொண்டு விற்கிறோம்.

அந்தப் பாட்டிலில் சீல் இல்லை. சீட்டு இல்லை. அளவு யாருக்கும் தெரியாது. என்ன கலந்தது என்றும் தெரியாது. வீட்டில் வைத்தால் குழந்தை தண்ணீர் என்று குடித்துவிடும். அடுப்புப் பக்கம் வைத்தால் வீடே போய்விடும். வீட்டில் பெட்ரோல் சேர்த்து வைக்காதீர்கள். வண்டியின் டேங்கில் மட்டும் இருக்கட்டும்.

முடிக்கிறேன்

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அம்மா, உங்கள் மகன் போடும் பெட்ரோல் கடல் தாண்டி வந்தது. மணலி மாதிரி ஒரு ஆலையில் காய்ச்சிப் பிரித்தது. குழாயில் நடந்தது. ரயிலில் வந்தது. டிப்போவில் கரும்புச் சாராயத்தோடு சேர்ந்தது. சீல் வைத்த லாரியில் ஏறி வந்து பங்கின் தொட்டியில் இறங்கியது. வழி நெடுகப் பலர் அளந்தார்கள், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

இத்தனை நாள் அந்த வரிசையில் கடைசி இடம் காலியாக இருந்தது. நமக்குப் படிக்கத் தெரியாது என்று நாம் மீட்டரைப் பார்க்காமல் பணத்தை நீட்டினோம். மீதியை எண்ணாமல் வாங்கினோம். இனி அப்படி வேண்டாம்.

அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பில் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டு வண்டிக்குப் போட்ட பெட்ரோல் பில். வண்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வாருங்கள். பில்லில் இருக்கும் ரூபாய், லிட்டர், விலை மூன்றையும் பலகையில் எழுதிப் பெருக்கிப் பார்ப்போம். கேள்வி கேட்ட அம்மா முதல் கணக்கைப் போடட்டும்.